மீர்லஸ்ட் வைன் தோட்டம்: 1756 முதல் ஒரே குடும்பம். அப்படியானால் மாறியது என்ன?

மேசைமலை எழுதியது:

தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பக்கம் வைன் பண்ணைகள் கைமாறுகிற வேகத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வார்விக் பண்ணையை ராட்க்ளிஃப் குடும்பம் 1964-ல் வாங்கியது. 2017-ல் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் போய்விட்டது. கேப்டவுனை ஒட்டிய க்ளைன் கான்ஸ்டான்ஷியாவை யூஸ்ட குடும்பம் 1980-ல் வாங்கித் தூக்கி நிறுத்தியது. 2011-ல் அதுவும் விற்பனை. ஃபெர்ஹெநூக்ட் பண்ணை 1820 முதல் ஃபோரே குடும்பத்தின் கையில் ஆறு தலைமுறை இருந்தது. 2015-ல் ஒரு ஜெர்மன் தொழிலதிபர் வாங்கி, இப்போது தன் குடும்பப் பெயரையும் பண்ணைப் பெயரோடு சேர்த்துவிட்டார்.

அந்த ஃபெர்ஹெநூக்டுக்குக் கிட்டத்திலேயே, ஈர்ஸ்ட ஆற்றங்கரையில் இருப்பதுதான் மீர்லஸ்ட். 1756-ல் யோஹான்னஸ் ஆல்பர்ட்டஸ் மைபர்க் வாங்கிய பண்ணை. இன்றைக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் ஹான்னஸ் மைபர்க் எட்டாவது தலைமுறை. அதே ஆறு, அதே கடல்காற்று, அதே கம்பெனிகளின் நெருக்கடி. ஒருவர் விற்றார், இன்னொருவர் விற்கவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைபர்க் குடும்பம் தங்கியதற்குக் காரணம் அவர்களுடைய பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. வைன் செய்கிற வேலையைச் சரியான நேரத்தில் வெளியாளிடம் கொடுத்தார்கள், அதுதான் காரணம். "எங்கள் நிலம், நாங்களே செய்வோம்" என்று நின்றிருந்தால் எப்போதோ விற்றிருப்பார்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் வாருங்கள், பேசலாம்.

பாட்டில்மூடி எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் கதையை நிகோ மைபர்கிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹான்னஸின் அப்பா. இடிந்துகொண்டிருந்த பழைய கட்டடங்களைத் திருத்தி, கொடிகளை மாற்றி நட்டவர் அவர்.

1970-களில் அவர் பிரான்சின் போர்டோ பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே யாரும் கேபர்னே சாவிஞ்யான் ரகத் திராட்சையை மட்டும் தனியாக பாட்டிலில் அடைப்பதில்லை. மெர்லோ சேர்க்கிறார்கள், கேபர்னே ஃபிராங்க் சேர்க்கிறார்கள். நம்ம ஊர் கேபர்னே ஏன் இப்படி நாக்கைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு அவருக்கு அங்கே விடை கிடைத்தது. அப்போது கேப்பில் (கேப்டவுன் சுற்றுவட்டாரத்தில்) அந்தக் கலவைக்குப் பெரிய மரியாதை கிடையாது. தனி ரகத்தின் பெயர் லேபிளில் இருந்தால்தான் விற்கும்.

1978-ல் ஜியோர்ஜியோ டாலா சியா வந்தார். இத்தாலியின் ஃப்ரியுலி பகுதிக்காரர். இருவரும் சேர்ந்து 1980 அறுவடையில் செய்ததுதான் முதல் ரூபிகான். ரோமானியத் தளபதி சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்த கதைப் பெயர். இனித் திரும்பப் போவதில்லை என்கிற அர்த்தத்தில் வைத்தது. அதே 1980-ல் குளிர்ச்சியை விரும்பும் பினோ நுவார் ரகத்திலும் செய்தார்கள். சூடான ஊர் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அது கொஞ்சம் திமிர்தான்.

ஆகவே "வெளியாளிடம் கொடுத்தார்கள்" என்று மட்டும் சொன்னால் நிகோவுக்கு அநியாயம். என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஆளைத் தேடினார்.

சும்மாவந்தேன் எழுதியது:

ஒரு சந்தேகம். 1756-ல் வாங்கிய பண்ணை, முதல் பெரிய வைன் 1980-ல். நடுவில் இருநூறு சொச்சம் வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மீன் பிடித்தார்களா?

பாட்டில்மூடி எழுதியது:

வைன் செய்தார்கள். ஆனால் பீப்பாய் பீப்பாயாக மொத்தமாகப் போய்விடும், பெயர் இருக்காது. மீர்லஸ்ட் பெயரில் முதல் பாட்டில் 1975 கேபர்னேதான்.

இதற்குப் பின்னால் கேவேவே இருக்கிறது. 1918-ல் திராட்சை விவசாயிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கிய கூட்டுறவு. அப்போது விலை பாதாளத்தில் இருந்தது. சட்டத்தின் துணையோடு அது குறைந்தபட்ச விலை வைத்தது, பிறகு யார் எவ்வளவு பயிரிடலாம் என்பதற்கும் ஒதுக்கீடு வைத்தது. மிஞ்சியதைக் காய்ச்சி பிராந்தியாக்கிவிடும். விவசாயிக்குப் பட்டினி இல்லை, சரி. ஆனால் நல்ல திராட்சைக்கும் சுமாரான திராட்சைக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு என்றால் யார் மெனக்கெடுவார்கள்? அளவு கூடினால் காசு கூடும், அவ்வளவுதான்.

1973-ல் வைன் எங்கே விளைந்தது என்று சான்று கொடுக்கும் முறை வந்தது. "எஸ்டேட்" என்ற சொல் சட்டப்படி அர்த்தம் பெற்றது: தன் நிலத்தில் விளைந்து, அங்கேயே செய்த வைன். அதன் பிறகுதான் பண்ணையின் பெயருக்கு விலை வந்தது. மீர்லஸ்டின் 1975 பாட்டில் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் வந்தது தற்செயல் இல்லை.

பழையகணக்கு எழுதியது:

எல்லோரும் 1756-லிருந்து எண்ணுகிறீர்கள். அந்த நிலத்துக்கு அதற்கு முன்பே ஒரு கதை உண்டு, அது மைபர்க் கதையைவிடக் காரசாரமானது.

1693-ல் ஆளுநர் சீமோன் ஃபான் டெர் ஸ்டெல் இந்த நிலத்தை ஹென்னிங் ஹூசிங் என்பவருக்குக் கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து ஒன்றுமில்லாமல் வந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இறைச்சி சப்ளை செய்து கேப்பின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். சீமோனுக்குப் பிறகு அவர் மகன் வில்லெம் ஆட்ரியான் ஆளுநரானார். அவர் ஃபெர்ஹெலெஹன் என்ற தன் பண்ணையைக் கம்பெனி ஆட்களையும் அடிமைகளையும் வைத்து வளர்த்து, வைன், இறைச்சி வியாபாரம் எல்லாவற்றையும் தன் ஆட்கள் கைக்குக் கொண்டுவந்தார். ஹூசிங்கின் இறைச்சிக் குத்தகை போயிற்று. சும்மா இருப்பாரா? அவரும் அவருடைய உறவுக்காரர் ஆடம் டாஸும் சேர்ந்து ஹாலந்துக்குப் புகார் எழுதி, குடியேறிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். 1706-ல் டாஸைக் கோட்டையில் அடைத்தார்கள், ஹூசிங்கைக் கப்பலேற்றி ஹாலந்துக்கு அனுப்பினார்கள். ஆளுநர் செய்த தப்பு அதுதான். ஹூசிங் அங்கே போய் நேரிலேயே முறையிட்டார். 1707-ல் ஆளுநர் பதவியிழந்தார், ஃபெர்ஹெலெஹன் துண்டு போடப்பட்டது.

இதைச் சுதந்திரப் போராட்டம் மாதிரிப் பள்ளிப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு பணக்காரத் தரப்புகள் சந்தைக்காகப் போட்ட சண்டை என்பதுதான் என் வாசிப்பு.

புகார் கொடுத்தவர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள், ஆளுநரிடமும் இருந்தார்கள். கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடத்துக்காரர்கள். பழைய பதிவேடுகளில் "இன்னார் ஃபான் கோரமண்டல்" என்று ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கம்பெனி கடை விரித்திருந்த காலம் அது. கேப்பில் திராட்சை பறித்த கைகளில் நம் கரையிலிருந்து போனவையும் உண்டு என்பதை இந்தக் குழுவில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அடிமை முறை 1834-ல் சட்டப்படி முடிந்தது. "பயிற்சி" என்ற பெயரில் இன்னும் 4 வருடம் கட்டி வைத்திருந்தார்கள்.

கல்யாணி எழுதியது:

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. டர்பன் கரும்புத் தோட்டக் கதை மட்டும்தான் வீட்டில் பேசுவார்கள்.

டர்பன்ரவி எழுதியது:

அது 1860-க்கு அப்புறம், அக்கா. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது நேட்டாலுக்கு, ஒப்பந்தக் கூலிகளோடு. எங்கள் கொள்ளுத்தாத்தா அந்த வழியில் வந்தவர். ஐயா சொல்வது அதற்கு நூற்றைம்பது, இருநூறு வருடம் முந்தியது. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு இப்போது தமிழும் தெரியாது, ஊரும் தெரியாது.

உழவன்மகள் எழுதியது:

நான் ஸ்டெல்லன்போஷில் திராட்சை வளர்ப்புப் படிக்கிறேன். வரலாறு உங்களிடம் விட்டுவிடுகிறேன், மண் பக்கம் கொஞ்சம் சொல்லட்டுமா?

மீர்லஸ்டிலிருந்து ஃபால்ஸ் விரிகுடா அஞ்சாறு கிலோமீட்டர்தான். கோடையில் மத்தியானம் ஆனதும் கடலிலிருந்து காற்று ஏறும். உள்ளே மலையடிவாரத்தில் 35 டிகிரியில் கொடி மூச்சு முட்டும்போது இந்தப் பக்கம் சில டிகிரி குறைவாக இருக்கும். பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு தங்கும். பினோ நுவார் அங்கே பிழைத்ததற்குக் காரணம் இதுதான். திமிர் மட்டும் இல்லை, பாட்டில்மூடி சார்.

ஆனால் கடந்த நாற்பது ஐம்பது வருடத்தில் இந்த ஊர்த் தோட்டங்களில் நடந்த பெரிய மாற்றத்தை யாரும் லேபிளில் போடுவதில்லை. இலைச் சுருட்டு வைரஸ். ஏப்ரல் மாதம் இந்தப் பக்கம் வந்தால் கொடிகள் இரத்தச் சிவப்பாக மின்னும், சுற்றுலாக்காரர்கள் நின்று நின்று படம் எடுப்பார்கள். கிட்டப் போய் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவெல்லாம் சிவப்பு, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். அது அழகு இல்லை, நோய். அந்த இலை சர்க்கரை செய்து பழத்துக்கு அனுப்ப முடியாமல் திணறுகிறது. கேபர்னே அறுவடை வாரக்கணக்கில் தள்ளிப்போகும், அப்படியும் முழுசாகப் பழுக்காது. பழைய கேப் சிவப்பு வைன்களில் ஒரு பச்சைக் கசப்பு இருக்கும் என்பார்களே, அதில் இந்த வைரஸுக்கும் பங்கு உண்டு.

இதைப் பரப்புவது மாவுப்பூச்சி. பூச்சியை எறும்பு சுமந்து திரியும். ஆகவே கொடியைக் காப்பாற்ற எறும்போடு சண்டை போட வேண்டும். நோய் வந்த கொடிக்கு மருந்து கிடையாது; பிடுங்கிப் போட்டு, சுத்தமான நாற்று வாங்கி மறுபடி நட வேண்டும். நட்டு மூன்றாவது வருடம்தான் ஏதாவது காய்க்கும், பெரிய வைனுக்கு இன்னும் எத்தனையோ வருடம். ஃபெர்ஹெலெஹனில் இதை முழு மூச்சாகச் செய்து வைரஸை விரட்டினார்கள். அப்போது அது ஆங்கிலோ அமெரிக்கன் சுரங்கக் கம்பெனியின் சொத்து. பணம் பிரச்சினை இல்லை. குடும்பப் பண்ணை வங்கியில் கடன் வாங்கித்தான் செய்யணும்.

மேசைமலை அண்ணா கேட்ட "ஏன் விற்கிறார்கள்" என்பதற்கு இதுவும் ஒரு பதில். 2006 வாக்கில் நாட்டில் வைன் திராட்சை ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது 90,000-க்குக் கீழே. பிடுங்கியதை எல்லோரும் திரும்ப நடவில்லை.

மேசைமலை எழுதியது:

தங்கச்சி, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையை ஆரம்பித்ததற்குப் பலன். இலையைத் திருப்பிப் பார்க்கணும் என்று இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

கல்யாணி எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. வைன் செய்கிறவர் மாறினால் ருசி மாறிவிடாதா? பிறகு எப்படி அதே ரூபிகான் என்று விற்கிறார்கள்? ஏமாற்று இல்லையா?

பாட்டில்மூடி எழுதியது:

மாறும் அக்கா, மறைக்கவும் இல்லை. டாலா சியா 2003 வரை இருந்தார். பிறகு மகனோடு தனியாகத் தொழில் செய்யப் போய்விட்டார், கிராப்பா (திராட்சைச் சக்கையில் காய்ச்சும் சாராயம்) காய்ச்சுவதில் அவருக்குத் தனிப் பெயர். 2004-லிருந்து கிறிஸ் வில்லியம்ஸ். இவர் அதற்கு முன்பே மீர்லஸ்டில் டாலா சியாவிடம் உதவியாளராக இருந்தவர், ஆகவே வீட்டு மனுஷன் மாதிரி. 2020-ல் அவர் தன் சொந்த லேபிளான தி ஃபவுண்ட்ரியைக் கவனிக்கப் போக, விம் ட்ரூட்டர் வந்தார். 42 வருடத்தில் மூன்றே பேர். சில பண்ணைகளில் சமையல்காரர் இதைவிட அடிக்கடி மாறுவார்.

டாலா சியா காலத்து ரூபிகானில் கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு. பத்து வருடம் வைக்காமல் திறந்தால் வாயை இழுத்துப் பிடிக்கும். கிறிஸ் கையில் பழம் முன்னால் வந்தது, டானின் என்கிற துவர்ப்பு மெருகேறியது. பிறகு சின்ன அளவில் பெட்டி வெர்டோ ரகமும் சேர ஆரம்பித்தது. ட்ரூட்டர் காலத்தைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்வது அவசரம். ரூபிகான் அறுவடை முடிந்து சில வருடம் கழித்துத்தான் கடைக்கு வரும். அவர் செய்த வைன்கள் இன்னும் குழந்தைகள்.

பாவம், அவர் சேர்ந்த வருடமே கொரோனா. மார்ச் 27, 2020 முதல் மது விற்பனைக்கே தடை, முதலில் ஏற்றுமதியும் நின்றது. பிறகு திறப்பதும் மூடுவதுமாக அடுத்த வருடம் வரை இழுத்தது.

ஏமாற்று பற்றி: 1985, 1990, 2002, 2011 இந்த வருடங்களில் ரூபிகானே கிடையாது. தரம் போதாது என்று, செய்த வைனை "மீர்லஸ்ட் ரெட்" என்று குறைந்த விலையில் விற்றார்கள். 2002-ல் மழையும் அடிச்சாம்பல் நோயும் கேப் முழுக்கப் படுத்தியது. பண்ணையின் முக்கியப் பாட்டிலை ஒரு வருடம் செய்ய மாட்டோம் என்று சொல்ல வேண்டுமானால், கணக்குக் கேட்க பங்குதாரர் கூட்டம் இருக்கக் கூடாது. குடும்பச் சொத்தின் லாபம் இதில்தான் இருக்கிறது.

டர்பன்ரவி எழுதியது:

சரி, ருசி, இலை, ஆளுநர் எல்லாம் பேசியாயிற்று. பறிக்கிற ஆள் எங்கே?

மேற்குக் கேப்பில் "டாப்" முறை என்று ஒன்று இருந்தது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூலியில் ஒரு பங்கை மலிவு வைனாகவே கொடுத்துவிடுவார்கள். காலையில் ஒரு குவளை, பத்து மணிக்கு ஒன்று, மதியம் ஒன்று, வேலை விட்டதும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக. 1960-களிலேயே சட்டப்படி தடை, ஆனால் 1990-கள் வரை பல பண்ணைகளில் நடந்தது. கர்ப்பத்திலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் இந்த மாகாணமும் ஒன்று. பண்ணைக் குடும்பம் எட்டுத் தலைமுறை என்றால் கூலிக் குடும்பமும் அங்கே பல தலைமுறைதான். அவர்களுக்கு யார் வம்சாவளி எழுதுகிறார்கள்?

2012 நவம்பரில் டி டூர்ன்ஸில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சாலையை மறித்தார்கள். அப்போது சட்டப்படியான நாள்கூலி 69 ரேண்ட். 150 கேட்டார்கள், அடுத்த மார்ச்சில் 105 கிடைத்தது. தேசியக் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது. ஒரு நாள் முழுக்கப் பறித்தால் ஒரு நல்ல ரூபிகான் பாட்டில் வாங்க முடியாது.

மேசைமலை எழுதியது:

ரவி, நியாயமான கேள்வி. அதனால்தான் மீர்லஸ்டில் நடந்த மாற்றங்களில் கம்பனீஸ்ட்ரிஃப்ட் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பண்ணை நிலத்திலேயே மைபர்க் குடும்ப அறக்கட்டளையும் மீர்லஸ்ட் தொழிலாளர் அறக்கட்டளையும் கூட்டாக நடத்தும் தொழில். வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடு வைன் வைக்கும் கிடங்கு, லேபிள் ஒட்டுவது, பெட்டி கட்டுவது. மற்ற பண்ணைகளும் தங்கள் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுக்கின்றன.

பழையகணக்கு எழுதியது:

கூட்டுத்தொழில் நல்லது. நிலம் யார் பேரில்?

ஃப்ரான்ஷூக்கில் சோல்ம்ஸ்-டெல்டா நினைவிருக்கிறதா? நரம்பியல் உளவியலாளர் மார்க் சோல்ம்ஸ் 2000-களின் தொடக்கத்தில் வாங்கி, நிலத்தில் அகழாய்வு செய்து, அடிமைகளின் கதையை அருங்காட்சியகமாக வைத்து, தொழிலாளர் அறக்கட்டளைக்குப் பங்கும் கொடுத்தார். நாடே பாராட்டியது. பிறகு அரசும் பங்கு வாங்கியது. கொஞ்ச காலத்திலேயே கடன் மூழ்கி, தொழிலே திவால் நிலைக்குப் போயிற்று. எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அது ஓர் உதாரணம். ஆனால் அதைக் காட்டி "பார்த்தீர்களா, பங்கு கொடுத்தால் இப்படித்தான்" என்று பேசுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. பங்கே கொடுக்காத பண்ணைகளும் இதே வருடங்களில் திவாலாயின.

உழவன்மகள் எழுதியது:

ஐயா, ஒரு விஷயம். திராட்சை நிலத்தில் பங்கு கிடைத்தால் கடனிலும் பங்கு கிடைக்கும். வறட்சி வந்தால் நஷ்டம், வைரஸ் வந்தால் நஷ்டம், ரேண்ட் ஏறினால் ஏற்றுமதியில் நஷ்டம். சோல்ம்ஸ்-டெல்டாவில் தொழிலாளர்கள் கையில் வந்த பங்கு இந்த மாதிரிப் பங்குதான். லேபிள் ஒட்டுகிற தொழிலுக்கு அறுவடை நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் பாட்டிலுக்கு இவ்வளவு என்று வரும். முப்பது பண்ணை வாடிக்கையாளர் என்றால் ஒரு பண்ணை விழுந்தாலும் தொழில் விழாது. இதை நினைத்துத்தான் செய்தார்களா என்று நான் சொல்ல முடியாது, ஆனால் வகுப்பில் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிடங்குதான் ஜெயிக்கும்.

அறுவடைக்கு நான் ஒரு பண்ணையில் (பெயர் வேண்டாம்) பயிற்சிக்குப் போயிருந்தேன். விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு ஆரம்பிப்பார்கள், பழம் குளிர்ச்சியாக உள்ளே வரணும் என்று. வரிசையில் பாதிப் பேர் அன்றைக்கு மட்டும் லாரியில் வந்தவர்கள். பண்ணையில் குடியிருப்பவர்களுக்கு 1997 சட்டப்படி குடியிருப்புப் பாதுகாப்பு உண்டு. லாரியில் வந்தவருக்கு எதுவுமில்லை. அந்தச் சட்டத்துக்குப் பிறகு பல பண்ணைகள் நிரந்தர ஆளைக் குறைத்துத் தற்காலிக ஆளைக் கூட்டின. எந்தப் பண்ணையைப் பற்றிப் பேசினாலும் முதலில் இதைக் கேட்கணும்: எத்தனை பேர் நிரந்தரம்?

டர்பன்ரவி எழுதியது:

இந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்க வந்தேன். நன்றி தங்கச்சி.

சும்மாவந்தேன் எழுதியது:

மீர்லஸ்டை விடுங்கள், கனோன்கோப் பற்றி யாரும் பேசவில்லையே? அதுவும் குடும்பச் சொத்துத்தானே? நூற்றுக்கு நூறு வாங்கிய வைன்.

பாட்டில்மூடி எழுதியது:

ஆமாம், க்ரீகே சகோதரர்கள், நாலாவது தலைமுறை. கப்பல் மேசை விரிகுடாவுக்குள் வந்தால் பீரங்கி சுட்டு உள்நாட்டு விவசாயிகளுக்குச் சேதி சொன்ன குன்றின் பெயர்தான் பண்ணைக்கு. அவர்களுடைய பால் சாவர் என்ற வைனின் 2015 அறுவடைக்கு விமர்சகர் டிம் அட்கின் 100 கொடுத்தார். அங்கேயும் இதே கதை: 1981-லிருந்து பேயர்ஸ் ட்ரூட்டர், 2002-லிருந்து அப்ரி பீஸ்லார், இருவருமே வெளியாட்கள், பிறகு இருவருமே தங்கள் சொந்த லேபிளோடு போனவர்கள். ஆழமில்லாத திறந்த சிமெண்ட் தொட்டியில் பினொடாஜ் ரகத் திராட்சை பொங்கும்போது ஆட்கள் மேலே பலகையில் நின்று, மிதக்கிற தோலைக் கம்பால் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். இரவும் உண்டு. அதை இன்னமும் விடவில்லை.

பழையகணக்கு எழுதியது:

அந்த பால் சாவர் யார் என்றும் சொல்லுங்கள். குடும்பத்தின் தாத்தா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். தேசியக் கட்சியின் பெரிய தலைவர். நிறவெறிக் கொள்கைக்கு 1948 தேர்தலுக்கு முன் வரைபடம் போட்டுக் கொடுத்த குழு அவர் தலைமையில்தான் இருந்தது, சாவர் அறிக்கை என்றே பெயர். அதே மனிதர் 1960-ல், ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு, நாட்டின் பழைய புத்தகம் மூடப்பட்டுவிட்டது, கறுப்பின மக்களைப் பற்றிய கொள்கையை யோசிக்க வேண்டும் என்று பொதுமேடையில் பேசினார். அவர் கட்சித் தலைமையே அந்தப் பேச்சை ஒதுக்கியது. நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. லேபிளில் இருக்கிற பெயர் யாருடையது என்று குடிக்கிறவருக்குத் தெரியட்டும்.

பாட்டில்மூடி எழுதியது:

ஐயா, வைனின் பெயரை மாற்றச் சொல்கிறீர்களா?

பழையகணக்கு எழுதியது:

சொல்லவில்லை. மாற்றினால் கேள்வியும் போய்விடும்.

நெறியாளர் எழுதியது:

பெயர் மாற்றம் பற்றித் தனி இழை திறக்கலாம். இங்கே மீர்லஸ்ட் பக்கம் வாருங்கள்.

மேசைமலை எழுதியது:

வருகிறேன். என் முதல் பதிவில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் சேர்க்க வேண்டும், யாரும் தொடவில்லை.

1970, 80-களில் மீர்லஸ்ட் பெர்க்கெல்டர் கம்பெனியோடு சேர்ந்த பண்ணைகளில் ஒன்று. ஸ்டெல்லன்போஷில் மலைக்குள் குடைந்த அந்த நிலவறையில் பல பண்ணைகளின் வைன் வைக்கப்பட்டு, பாட்டிலாகி, கம்பெனியின் ஆட்கள் மூலம் விற்பனையானது. விவசாயிக்குச் சந்தை தேடும் தலைவலி இல்லை. ஆனால் வாடிக்கையாளர் யார் என்றும் அவருக்குத் தெரியாது. ஆல்டோ, லெ போனர் போன்ற பண்ணைகள் காலப்போக்கில் கம்பெனி பங்குக்குள்ளேயே போய்விட்டன. அந்தக் கம்பெனி 2000-ல் இன்னொன்றோடு சேர்ந்து டிஸ்டெல் ஆனது, 2023-ல் டிஸ்டெல்லை ஹைனகன் வாங்கியது. பீர் கம்பெனிக்கு மலையடிவாரத் திராட்சை எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைபர்க் குடும்பம் விற்பனைக்குக் கம்பெனியைப் பயன்படுத்திக்கொண்டது, நிலத்தைக் கொடுக்கவில்லை. நிகோ 1988-ல் இறந்தபோது ஹான்னஸ் தயாராக இருந்தார். ஜெர்மனியில் கைசன்ஹைமில் படித்தவர், போர்டோவில் லாஃபீட் வைன் பண்ணையில் வேலை பார்த்தவர். அப்படிப் படித்துவிட்டு வந்தும், டாலா சியாவை அனுப்பிவிட்டுத் தானே வைன் செய்கிறேன் என்று அவர் இறங்கவில்லை. அப்பா வைத்த ஆளை அடுத்த 15 வருடமும் வைத்துக்கொண்டார். வாரிசுக்கு அந்த அடக்கம் வருவது அபூர்வம்.

உழவன்மகள் எழுதியது:

அண்ணா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஃபோரே குடும்பத்திடம் அடக்கம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஃபெர்ஹெநூக்ட் தரமான, நீண்ட காலம் நிற்கிற வைன் செய்த பண்ணை. சந்தை சீக்கிரம் குடிக்கிற வைனைக் கேட்டபோது அவர்கள் பழையபடி வருடக்கணக்கில் நிறுத்திவைத்து விற்றார்கள். பழைய சரக்கு கிடங்கில் நிற்கும், காசு நிற்காது. விற்ற பிறகு கட்டடங்களுக்கெல்லாம் பணம் பாய்ந்திருக்கிறது. குடும்பம் போனதால் பண்ணை கெட்டது என்று சொல்ல முடியாது.

மேசைமலை எழுதியது:

பண்ணை கெடவில்லை, சரி. ஆனால் அடுத்த 2002 மாதிரி ஒரு வருடம் வந்தால் முக்கிய வைனைச் செய்ய மாட்டோம் என்று புதிய முதலாளி சொல்வாரா? அதைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணி எழுதியது:

டிசம்பரில் குடும்பத்தோடு கேப்டவுன் வருகிறோம். பிள்ளைகள் சின்னவர்கள். மீர்லஸ்ட் போகலாமா? ஒரு பாட்டில் வாங்கினால் எவ்வளவு நாள் வைக்கலாம்?

பாட்டில்மூடி எழுதியது:

போகலாம் அக்கா, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள். பழைய வெள்ளைச் சுவர் மாளிகை, புறாக்கூண்டுக் கட்டடம் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் அரைமணியில் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் முதலில் ஃபெர்ஹெநூக்ட் போங்கள். கொடிகளில் நத்தை தின்ன நூற்றுக்கணக்கில் வாத்து வளர்க்கிறார்கள். இந்தியன் ரன்னர் என்கிற ரகம், பாட்டில் மாதிரி நிமிர்ந்து ஓடும். கூட்டமாக அவிழ்த்து விடும் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபிகான் வாங்கினால் படுக்கவைத்து, வெளிச்சம் படாமல், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். அறுவடை வருடத்திலிருந்து பத்து வருடம் தாராளமாக நிற்கும். வீட்டில் அப்படி இடம் இல்லை, சமையலறை அலமாரிதான் என்றால் வாங்கிய மாதமே குடித்துவிடுங்கள். திறந்து கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணிநேரம் விட்டால் போதும்.

டர்பன்ரவி எழுதியது:

அக்கா, வைன் ருசி பார்க்கும்போது வேலையாட்களில் எத்தனை பேர் நிரந்தரம் என்றும் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே எழுதுங்கள்.